வெள்ளிக்கிழமை எலுமிச்சை

தென்காசி,
20-7-1958

சிரஞ்சீவி தம்பி காந்திமதிநாதனுக்கு அக்காள் குழல்வாய்மொழி எழுதுகிற காகிதம். இங்கே யாவரும் சுகம், அங்கே யாவரும் சுகமா என்று தொடங்குவதுதான் முறை. இங்கே ஒருவன் சுகமாக இல்லை. அதற்குக் காரணமான இரண்டு பேரில் ஒருத்தி நான், இன்னொருவன் நீ. ஆகையால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

உன் காகிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. டெல்லியில் வெயில் தாங்கவில்லை என்றும், உன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி ஒரு ஆள் நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறான் என்றும் எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: குற்றாலத்தில் கேஸ் எப்படி இருக்கிறது. கேஸ் என்று நீ எழுதியிருப்பது பால்வண்ணநாதனை. உன்னைவிட நாலு வயது மூத்தவன், உனக்கு அண்ணன். அந்த வார்த்தை டெல்லியில் கிடைக்காது போலிருக்கிறது.

பெரிய உத்தியோகத்தில் உனக்குப் பழசெல்லாம் மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். ஒன்பது வயதில் வந்த விஷஜுரத்துக்குப் பிறகு அவனுக்குப் புத்தி மெதுவாக நடக்க ஆரம்பித்தது. ஒன்று கேட்டால், வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரம் யோசித்துத்தான் ஒரு வார்த்தை சொல்லுவான். முப்பத்திரண்டு வருஷம் அம்மா அந்த நேரமெல்லாம் காத்திருந்தாள். போன மாசியில் அம்மா போனபிறகு அவன் கத்தினான், தட்டை எறிந்தான், சட்டையைக் கிழித்தான். நமக்கு அழுகை வந்தது, அவனுக்குக் கத்தல் வந்தது, அவ்வளவுதான். அதற்கு நீ லீவு போட்டு வந்து மூன்றே நாளில் முடிவு கட்டினாய். உன் மேலதிகாரியின் மச்சினருக்குத் தெரிந்த வைத்தியசாலை, அச்சடித்த நோட்டீஸ், அதில் அருவிப் படம். நாற்பத்தெட்டு நாள் அருவியில் நிறுத்தினால் சித்தம் தெளிந்துவிடும் என்று போட்டிருந்தது. நீ கையெழுத்துப் போட்டாய். நான் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினேன்.

சொந்தக்காரர்கள் வந்தால் மனம் கலையும், ஆகவே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அந்த மனுஷன் சொன்னதையும் நம்பினேன். அவன் பெயரை எழுதக் கை கூசுகிறது, வைத்தியர் என்றே எழுதுகிறேன். வாராவாரம் ஐம்பது எலுமிச்சம்பழம் மட்டும் அனுப்பச் சொன்னான். மொட்டைத் தலையில் தேய்த்தால் சூடு இறங்குமாம். புளியங்குடி கமிஷன் கடையில் சொல்லி வரவழைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, தோல் மெல்லிசாக, சாறு நிறைந்ததாகப் பொறுக்குவேன். வெள்ளிக்கிழமை காலையில் துணிப்பையில் கட்டி அகமது கபீரின் குதிரை வண்டியில் அனுப்புவேன். உடன்பிறந்தவனுக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கவும் செய்வேன்.

கபீரை உனக்குத் தெரியும். ஸ்டேஷனிலிருந்து சீசன்காரர்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிப் போகிறவர். ஐந்தாவது வெள்ளிக்கிழமை அவர் பையை வாங்கவில்லை. இனிமே இதை நான் கொண்டு போகல தாயி, நீங்க ஒரு நட வந்து பாருங்க, பாத்த பெறகும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா வேற வண்டியப் பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரனுக்கு வாய் நீண்டுவிட்டது என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. உன் அத்தானிடம் சொன்னேன். ரிஜிஸ்திரார் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு இப்போது பேப்பரில் டெண்டர் விளம்பரம் வரை படிக்கிற உன் அத்தான், பேப்பரைக் கீழே இறக்காமலே, போய்ப் பாத்துட்டாத்தான் என்ன என்றார்.

போய்ப் பார்த்தேன். பெரிய அருவியில் சீசன் கூட்டம். ஓரமாக ஏழெட்டுப் பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் மொட்டை. பால்வண்ணத்தின் இடுப்பில் கயிறு. இரண்டு தடியன்கள் அவனைத் தண்ணீருக்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மூச்சுக்காகத் தலையை வெளியே இழுத்தபோதெல்லாம் கரையில் ஒருவன் புளிய விளாறை ஓங்கினான். குளிக்க வந்த கனவான்கள் முறுக்குத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வெளியே இழுத்து உட்கார வைத்தார்கள். தலை முழுக்கச் சவரக்கத்தி இழுத்த கீறல். ஆறாத புண்ணின் மேலேயே மறுபடி சிரைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒருவன் அரை மூடி எலுமிச்சையை வைத்துத் தேய்த்தான். தோல் மெல்லிசு. என் பழம்.

அவன் போட்ட கூப்பாட்டை எழுத மாட்டேன். நாளைக் காலையில் சவரம் செய்கையில் பிளேடு பட்டால், அந்த இடத்தில் நீயே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து பார்த்துக்கொள்.

காலில் விலங்கு இருந்தது. வைத்தியரிடம் சாவியைக் கேட்டேன். அரைஞாணில் தொங்கிய சாவியைத் தடவிக்கொண்டே, டெல்லி ஆபீசரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும், பெண்பிள்ளை சொல்லி அவிழ்க்க முடியாது என்றான். அப்படியானால் இந்தப் படியிலேயே நின்று, வருகிற ஒவ்வொரு சீசன்காரரிடமும் உன் வைத்தியத்தைப் பற்றிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன், ஆடி மாதம் முழுக்க எனக்கு வேறு வேலையில்லை என்றேன். சாவி உடனே வந்தது. இவ்வளவுதான் அந்த மகானின் தைரியம்.

இப்போது அவன் நம் வீட்டில் இருக்கிறான். இனி என் கண்ணை விட்டு அவனை அகல விடமாட்டேன். தெருக்கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டிருக்கிறேன், சாவி என் இடுப்பில். உனக்குத் தீர்க்காயுள் உண்டாகட்டும், அதில் பாதி நாளாவது புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
குழல்வாய்மொழி


தென்காசி,
31-8-1958

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அக்காள் ஆசீர்வாதம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. கோபமாக இருக்கிறாய் என்று உன் பெண்டாட்டி எழுதியிருந்தாள். இருந்துகொள். இந்தக் காகிதத்தில் உன்னை வைவதற்கு அதிகம் இல்லை, என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் நீ இதை விரும்பிப் படிப்பாய்.

பூட்டிய எட்டாம் நாள் பால்வண்ணம் கொல்லைச் சுவரேறிக் குதித்துப் போய்விட்டான். தெருத்தெருவாகத் தேடினோம். மொட்டைக் கோபுரத்தடியில் இல்லை, சிற்றாற்றங்கரையில் இல்லை. கடைசியில் எங்கே இருந்தான் தெரியுமா? மூன்று மைல் நடந்து குற்றாலத்துக்கே போயிருக்கிறான். அதே அருவி. ஓரமாகத் தண்ணீர் மெல்லிசாக விழுகிற இடத்தில் தனியாக நின்று, கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான். எவனோ மருந்து வைத்துவிட்டான் என்று நினைத்தேன். உன் அத்தானை ஒரு கையைப் பிடிக்கச் சொல்லி, நான் ஒரு கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஒரு வாரத்தில் மறுபடி போனான். மறுபடி இழுத்து வந்தேன். கொல்லைச் சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்தேன். வேலைக்கு வருகிற ஆவுடைத்தாயை வாசலில் உட்கார வைத்தேன். ஏன் ஆச்சி, ஆளு கைதியா என்று அவள் கேட்டதற்கு, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன்.

மூன்றாவது தடவை இழுத்து வந்த அன்றைக்குத் தலை ஈரமாக இருக்கிறதே என்று துவட்டப் போனேன். அவன் விலகினான். எனக்கு ஆங்காரம். பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தேன். உடனே இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் துண்டைப் போட்டுவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தான். என் இடுப்பில் தொங்கிய சாவியை ஒரு விரலால் தொட்டான். வைத்தியர் என்றான்.

அங்கே போக வேண்டும் என்கிறானோ என்று அரை நிமிஷம் நினைத்தேன். இல்லை தம்பி. என்னைத்தான் சொன்னான். விலங்கின் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவன் ஒருவன், கதவின் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறவள் ஒருத்தி. ஊரையெல்லாம் இளக்காரமாகப் பேசுகிற எனக்கு இதைவிட நல்ல சூடு யார் வைத்திருக்க முடியும்?

அப்போது உன் அத்தான் ஒரு காரியம் செய்தார். பேப்பரை மடித்து வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் படித்து முடிக்காமல் அவர் மடித்ததை நான் பார்த்ததில்லை. தரையில் பால்வண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்து, ஒனக்கு எங்கன இருக்கணும்னு தோணுது பால்வண்ணம் என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் கையைக் காட்டி என்னை அடக்கினார். எந்தக் காலத்திலும் என்னை அடக்காத மனுஷன். வெற்றிலை மெல்லும் நேரம் போயிற்று. பிறகு பால்வண்ணம், குதிரை என்றான்.

கபீரின் குதிரையைச் சொல்கிறான். போன தடவையெல்லாம் அருவியில் குளித்துவிட்டு குற்றாலத்தில் உள்ள அவர் லாயத்தில்தான் போய் உட்கார்ந்திருந்திருக்கிறான். அதற்குப் புல் போட்டிருக்கிறான், ஓடையில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறான். குதிரை யாரையும் கேள்வி கேட்பதில்லை, பதிலுக்கு அவசரப்படுத்துவதும் இல்லை. அருவியின் மேலும் அவனுக்குப் பகையில்லை. பிடித்துத் தள்ளியவன் மேல்தான் பகை. இதைத் தெரிந்துகொள்ள நமக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது. நீ எம்.ஏ. படித்தவன், நான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள்.

கேட்டுவிட்டான் என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவில்லை. முதலில் நான் தனியாகப் போய் லாயத்துப் பக்கத்து அறையைப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் உண்டு, வெளியே பூட்டுவதற்கு ஒரு வளையம்கூட இல்லை. கபீரிடம் மூன்று விஷயம் பேசினேன். சொல்லாமல் கொள்ளாமல் எந்நேரமும் வருவேன், வந்தால் அவன் தலையையும் காலையும் பார்ப்பேன், அவன் வேலை செய்யாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. கபீர் சிரித்தார். செஞ்சா செய்யட்டும் தாயி, செய்யலன்னா குதிரையோட பேசிக்கிட்டு இருக்கட்டும் என்றார். ஆனால் அவரும் ஒன்று கேட்டார். அருவியில வெள்ளம் வந்து தண்ணி செவந்தா மட்டும் அவரு கையப் பிடிச்சு இழுப்பேன், அதுக்கு அவரு சரின்னு சொல்லணும் என்றார். என்னிடம் கேட்கவில்லை, கவனி. பால்வண்ணத்தைப் பார்க்க என்னோடு வண்டியில் வீட்டுக்கே வந்து அவனிடம் கேட்டார். அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான், அதே வண்டியில் கிளம்பியும் போனான்.

சாவியை உன் அத்தான் கையில் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டுக்கும் உனக்கும் சேர்த்துத்தான் சுவாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்காள் குழல்வாய்மொழி


தென்காசி,
19-10-1958

மகாராஜராஜஸ்ரீ காந்திமதிநாத பிள்ளை அவர்களுக்கு. தம்பி என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் காகிதத்தை மறுபடி ஒரு தடவை படித்தேன், இப்படித்தான் எழுத வந்தது.

ஆபீசில் கீழே இருப்பவர்களுக்கு அனுப்புவது போல நம்பர் போட்டு நாலு விஷயம் எழுதியிருக்கிறாய். தீபாவளிக்குக் காரோடு வருகிறாய். கூட இரண்டு சேவகர்கள். பால்வண்ணம் சொந்தமாக முடிவெடுக்கத் தகுதியில்லாதவன் என்று அவனைக் கண்ணால் பார்க்காத ஒரு டாக்டரின் சர்டிபிகேட். வடக்கே ஏதோ ஒரு நிலையத்தில் இடம் பிடித்திருக்கிறாயாம், சுற்றிலும் மதில் உண்டாம். இவ்வளவும் எதற்கு என்று கடைசியில் வாய் திறந்திருக்கிறாய். உன் பெண் அகிலாண்டேஸ்வரிக்குக் கீழப்பாவூரில் வரன் பார்க்கிறாய். மாப்பிள்ளை வீட்டார் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள். வந்த இடத்தில் பெண்ணின் பெரியப்பா முஸ்லிம் வண்டிக்காரரின் குதிரைக்குச் சாணி அள்ளுவதைப் பார்த்துவிட்டால் உன் மானம் போய்விடும். விலங்கு போட்டு ஊர் பார்க்க அடித்தபோது அந்த மானம் எந்த ரயிலில் ஏறிப் போயிருந்தது?

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கவலைப்படாதே. அவர்கள் ஏற்கெனவே வந்து போய்விட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து கபீர் வண்டியில்தான் ஏறியிருக்கிறார்கள். பால்வண்ணம் குதிரைக்கு முன்னால் நடந்து போயிருக்கிறான். மாப்பிள்ளையின் அம்மாள் கோயிலில் என்னைப் பார்த்து, ஒங்க தம்பியா அது, நல்ல பதனமா ஏத்தி எறக்கினாரு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்களுக்கு இருக்கிற புத்தி நமக்கு இருந்தால் உன் பெண் அதிர்ஷ்டக்காரி.

சாப்பாட்டு விஷயம் உன் காது வரை வந்திருக்கிறது. யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தப் புண்ணியவதி தன் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றுகிற அழகும் தெரியும். சொக்கம்மாள் இட்லிக் கடையில் அவனுக்குத் தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் கபீர் வீட்டில் மீன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். நம் வீட்டில் முட்டை பொரித்த சட்டிகூட நுழைந்ததில்லை. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஏண்டா சாப்பிட்டாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ருசி என்றான். நாற்பத்திரண்டு வயது மனுஷன், அவன் நாக்கு.

அவன் அருவிப் பாசியில் வழுக்கி விழுந்தது உண்மை. மோவாயில் மூன்று தையல். அதைப் பெரிய சாட்சியமாக எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஊசியைக் காட்டி, எத்தனை தரம் குத்தும் என்று சொல்லிவிட்டுத் தைத்தார். பால்வண்ணம் கத்தவில்லை. வீட்டுக்கு வந்துவிடுகிறாயா என்று நானும் கேட்டேன். பயத்தில் கேட்டேன், ஆமாம் என்பான் என்று ஆசைப்பட்டுக் கேட்டேன். ஞாயிறு என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனாக வருகிறான், சாப்பிடுகிறான், கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்கிறான், சாயங்காலம் போய்விடுகிறான். பாசியில் இப்போது ஓரமாக நடக்கிறான். போன வாரம் நானும் நம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். என்னை எந்த மதிலுக்குள் அடைக்கப் போகிறாய்?

தகுதி என்கிறாய். பெண்டாட்டியைக் கேட்காமல் ஒரு சட்டைத் துணி எடுக்கத் தெரியாத நீ, அவன் தகுதியை டெல்லியில் உட்கார்ந்து அளக்கிறாய். அவனுக்குக் கணக்கு வராது, கடிகாரம் பார்க்கத் தெரியாது, யாராவது ஏமாற்றினால் புரியாது. அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். வைத்தியரின் ஆட்கள் ஒரு நாள் லாயத்துப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். கபீரும் மற்ற வண்டிக்காரர்களும் சாட்டையைக் கையில் எடுக்காமலே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் நான் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். உன் அத்தான்தான் மனுவை எழுதினார், ஏழு பக்கம். அந்த வைத்தியசாலையில் இப்போது விலங்கு இல்லை. மற்ற ஆட்களையும் அவரவர் வீட்டார் வந்து கூட்டிப் போகிறார்கள். சிலருக்கு வருவதற்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் சேர்த்து இங்கே சோறு வடிக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு வா. கார் வேண்டாம், சேவகர்கள் வேண்டாம், ரயிலில் வா. தென்காசி ஸ்டேஷனில் கபீர் வண்டி நிற்கும், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பால்வண்ணம் நிற்பான். அவனுக்கு எதிரே நின்று, அண்ணே என்று கூப்பிடு. என்னோடு வருகிறாயா என்று நீயே கேள். கேட்டுவிட்டுப் பொறு. கடிகாரத்தைப் பார்க்காதே, நடுவில் பேசாதே. வருகிறேன் என்று அவன் சொன்னால் நானே அவன் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துத் தருகிறேன், என் வயிறு எரிந்தாலும் தருகிறேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டால், அதே ரயிலில் திரும்பிப் போ.

நீ வருகிறாய் என்று அவனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உன் அத்தான்கூடச் சொன்னார். ஆனால் அவன் காரியத்தை அவனுக்குத் தெரியாமல் செய்வது ஒரு தடவை போதும் என்று நினைத்தேன். எதற்கு வருகிறாய் என்பதையும் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தான். வெற்றிலை மென்று துப்பியும் ஆயிற்று. பிறகு, தம்பிக்கு முன் சீட்டு என்றான்.

கபீர் வண்டியின் அந்த முன் சீட்டில் உட்கார உனக்குத் தகுதி இருக்கிறதா என்று யாரிடமும் சர்டிபிகேட் கேட்கப் போவதில்லை. உட்கார்ந்து வா.

எலுமிச்சம்பழம் இந்த வீட்டுக்குள் வந்து மூன்று மாதமாகிறது. உன் அத்தான் ஊறுகாய் கேட்டார், முடியாது என்றுவிட்டேன்.

காந்திமதி, உனக்கும் ஒரு நாள் கை நடுங்கும், வார்த்தை மெதுவாகும். உன்னைச் சுற்றி நிற்பவர்கள் உன் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு உன் கையைப் பிடிக்க வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் உன்னைக் கேட்டுவிட்டு, நீ பதில் சொல்கிற வரை நின்று, அப்புறம் பிடிக்கட்டும். என்னிடம் உனக்குக் கொடுக்க இந்த ஆசீர்வாதம் ஒன்றுதான் இருக்கிறது. குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மை அதைப் பலிக்கச் செய்யட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்காள்